இரண்டு லாக்

பாய்,

இன்று காலை கடை முழுக்க ரப்பர் வாசனை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிப்பார்களே, அந்த வெள்ளை ரப்பர்தான். கம்ப்யூட்டரிலிருந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதன் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேஜையில் உதிர்ந்த துகளெல்லாம் பச்சை. நன்றாகக் கேட்டுக்கொள், உப்பு அரித்த செம்பின் பச்சை! இத்தனை வருஷமாக இல்லவே இல்லை என்று நீ சாதித்த உப்பு கடைசியில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது.

சந்தோஷத்தில் போனை எடுத்துவிட்டேன். உன் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை, 'கூனிமேடு பாய்' என்றே இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. ஜெயித்துவிட்டேன், ஆனால் என்னிடம் தோற்க நீ இல்லை. இதை யாரிடம் சொல்வது? மரக்காணத்தில் போய் 'உப்பால் கெட்டுப்போச்சு' என்று சொன்னால், இதெல்லாம் ஒரு செய்தியா என்பார்கள். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

இந்த ஊரில் எது கெட்டாலும் பழி உப்புக்குத்தான். ஃபேன் நின்றால் உப்புக்காற்று, கேட் இற்று விழுந்தால் உப்புக்காற்று, மாப்பிள்ளைக்கு முடி கொட்டினால் உப்புத்தண்ணீர். அதில் பொய்யும் இல்லை. கடைக்குப் பின்னால் ரோட்டைத் தாண்டினால் உப்பளம், காலையில் துடைத்த மேஜை மாலையில் பிசுபிசுக்கும். அப்படி ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் நிற்பதால், வேறு யாரையும் சந்தேகப்பட எங்களுக்குத் தோன்றுவதே இல்லை. நீயும் அதே காற்றில் வளர்ந்தவன்தான். ஆனால் எட்டு வருஷம் வளைகுடாவில் ஒரு கம்பெனியின் சர்வர் அறைக்குள் உட்கார்ந்துவிட்டு வந்தாய். அந்தக் குளிரில் ஊர் நம்பிக்கை உன்னிடமிருந்து கழன்று போயிருந்தது.

"உப்பு மேல பழி போடாதடா. அது வந்து பதில் சொல்லாதுங்கிற தைரியம்தானே உனக்கு?" என்பாய்.

ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு நாம். நான் இங்கே கல்யாணப் பத்திரிகை, பேனர், பாஸ்போர்ட் போட்டோ என்று டிசைன் கடை வைத்தேன். யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் வைரஸ் புகுந்து ஒரு முகூர்த்த மாதத்து வேலை முழுவதும் போன பிறகு, நீதான் வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய். "ரெண்டு வாரம் என்னைத் திட்டுவ. மூணாவது வாரம் மறந்துடுவ" என்றாய். இரண்டு மாதம் திட்டினேன். குறிப்பாக அந்த கிராபிக்ஸ் டிரைவரை. கல்யாண வீடியோ வெட்டுவதற்காக வாங்கிய கார்டு அது. கார்டுக்கும் மிஷினுக்கும் நடுவில் நின்று பேச வேண்டிய அந்த டிரைவர், நினைத்தால் பேசும், நினைக்காவிட்டால் திரையை இருட்டாக்கிவிட்டுப் போய்விடும்.

முதல் தடவை திரை இருண்டபோது போனில் நீ கேட்ட முதல் கேள்வி, "லாக் பாத்தியா?"

நான் போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். கதவை இழுத்துப் பார்த்தேன். திரும்பி வந்து, "பூட்டித்தான் இருக்குது பாய், யாரும் உள்ள வந்த மாதிரி தெரியல" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் புரையேறி, உன் வீட்டில் யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது எனக்குப் போனில் கேட்டது. "பூட்டு இல்லடா! மிஷினு தனக்கு என்னென்ன ஆச்சுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி வெச்சுக்குமே, டைரி. அதுக்குப் பேரு லாக்." எனக்கு என்ன தெரியும்? நம் வாயில் பூட்டும் லாக், டைரியும் லாக். அதற்கப்புறம் கூனிமேட்டுக் கடைத்தெருவில் உன்னைப் பார்க்க வந்தால், உன் சிநேகிதர்கள் எல்லோரும் 'பூட்டிட்டு வந்தீங்களா?' என்றுதான் என்னை விசாரிப்பார்கள்.

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது உப்பளத்து ஏழுமலை இறந்த அன்று நடந்தது. அந்தக் காலையை நீ புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்தபடியும் நான் இங்கே தரையில் உட்கார்ந்தபடியும் கழித்தோம். அதை முழுதாக யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஒன்பது மணி இருக்கும். உப்பளத்தில் வேலை செய்யும் தேவகி வந்து கடை வாசலில் நின்றாள். விடியலில் அவள் அப்பா ஏழுமலை தவறிவிட்டார். கூடப் பிறந்தவர்கள் இல்லை, அதனால் அவளே வந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"அண்ணா, போன்ல இருக்கிற போட்டோ எல்லாத்துலயும் அப்பா கண்ணை சுருக்கிட்டு இருக்காரு. எல்லாம் பாத்தியில நின்னு எடுத்தது. அட்டைக்காக இங்க ஒரு போட்டோ எடுத்தீங்களே, அதுல மட்டுந்தான் கண்ணு தொறந்திருக்குது. அதப் போட்டு பேனர் வேணும். நாலு மணிக்கு எடுக்கறாங்க."

எனக்கு நன்றாக நினைவிருந்தது. உப்பளத் தொழிலாளர் அட்டைக்காக அவரை அழைத்து வந்தவளே அவள்தான். உப்புப் பாத்தியின் வெள்ளை வெளிச்சத்தில் நாற்பது வருஷம் கண்ணைச் சுருக்கியே பழகிய மனிதர் அவர். விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தும் சுருக்கினார். "வெயில் இல்லீங்க, கண்ணைத் தொறங்க" என்று நான் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் திறந்த கண்ணைத்தான் பிடித்தேன். படம் என் மிஷினில் மட்டும் இருந்தது. வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. அதற்கு நீ பிறகு விட்ட திட்டு தனி.

பேனர் அச்சாவது திண்டிவனத்தில். பதினொரு மணிக்குள் ஃபைல் போய்ச் சேர்ந்தால்தான் மத்தியான பஸ்ஸில் பேனர் வரும். மிஷினைப் போட்டேன். கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மின்னியது, அதோடு சரி. நான் யோசிக்கவில்லை பாய். நான் மரக்காணத்துக்காரன். "உப்பு" என்றேன். பெட்டியைத் திறந்தேன், கார்டைப் பிடுங்கினேன், ரப்பரால் தேய்த்தேன், செருகினேன், வயரை மாட்டினேன். இப்போது அந்தக் கோடும் இல்லை. 'நோ சிக்னல்' என்று ஒரு பெட்டி மட்டும் திரையில் மிதந்தது. தேவகி ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று உனக்கு டயாலிசிஸ் நாள் என்று தெரிந்தும் கூப்பிட்டேன். வேறு வழி தெரியவில்லை. ஸ்பீக்கரில் போட்டேன். உன் குரலுக்குப் பின்னால் ஏதோ மிஷின் கீங் கீங் என்றது.

"ஏம்பா, மெதுவா சொல்லு. நாலு மணி நேரத்துக்கு நான் எங்கயும் போவ முடியாது" என்றாய்.

சொன்னேன். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வேறு கடைக்கு ஓடட்டுமா என்றும் கேட்டேன்.

"எதையும் கழட்டாத. கீபோர்டுல கேப்ஸ் லாக் அமுக்கு. லைட் எரியுதா?"

"எரியுது."

"திரும்ப அமுக்கு. அணையுதா?"

"அணையுது."

"அப்ப ஆளு உசுரோட இருக்கான். மூஞ்சி மட்டுந்தான் தெரியல. பயப்படாத."

தேவகி நிமிர்ந்து போனைப் பார்த்தாள். உனக்கு அவள் பக்கத்தில் இருப்பது தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மானிட்டர்ல இப்ப என்ன எழுதியிருக்குது?"

"நோ சிக்னல்."

"காலையில?"

"ஒண்ணும் எழுதல. ஒரு கோடு மின்னிச்சு."

"அப்ப ரெண்டு வியாதி. ஒண்ணு அதுவா வந்தது. இன்னொண்ணு நீ குடுத்தது. முதல்ல நீ குடுத்ததப் பாப்போம். மானிட்டர் ஒயரை எங்க மாட்டின?"

பெட்டியின் பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு துளைகள். மேலே இருப்பது பெட்டியோடு வந்தது, என் மிஷினில் அது வெறும் அலங்காரம். கீழே இருப்பதுதான் கார்டுடையது. அவசரத்தில் மேலே செருகியிருந்தேன். கீழே மாற்றினேன். திரை கறுத்தது, மூலையில் கோடு மின்னியது. வாழ்க்கையில் ஒரு கறுப்புத் திரையைப் பார்த்து நான் அவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை.

"நல்லது. இப்ப அணைச்சுப் போடு. போட்ட உடனே எஸ்கேப்பை அமுக்கு. ஒரு பட்டியல் வரும். ரெண்டாவது வரிக்குப் போ. உள்ள ரெண்டு நம்பர் இருக்கும். புதுசு வேணாம், பழசை எடு."

எடுத்தேன். எழுத்துகள் ஓடின. ஓடி முடிந்ததும் திரையில் என் வழக்கமான தென்னை மரம் வந்து நின்றது. தேவகி "வந்துடுச்சுண்ணா" என்றாள், என்னவோ நான் பார்க்காத மாதிரி.

"இப்ப என்ன ஆச்சு பாய்?" என்றேன்.

"நேத்து அப்டேட்ல புது கர்னல் வந்திருக்கும். கர்னல்னா மேஸ்திரின்னு வெச்சுக்க. புது மேஸ்திரி பாஷை உன் டிரைவருக்கு இன்னும் தெரியல. பழைய மேஸ்திரியக் கூப்பிட்டோம், வேலை நடக்குது. மீதிய நான் நாளைக்கு வந்து பாக்கறேன். லாக்கப் படிச்சிருந்தா நீயே கண்டுபிடிச்சிருப்ப. ஞாபகம் வெச்சுக்க, ரெண்டு லாக். ஒண்ணு உசுரு இருக்குதான்னு சொல்லும். இன்னொண்ணு என்ன ஆச்சுன்னு சொல்லும். ரெண்டையும் பாக்காம பெட்டியத் தொறக்காத. போ, ஜல்தி, வேலையப் பாரு."

ஃபைல் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போனது. மத்தியான பஸ்ஸில் பேனர் வந்தது. உப்பளத்துக்குத் திரும்பும் முனையில் கட்டினோம். ஏழுமலை கண்ணைத் திறந்து சிரித்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் அதன் கீழே ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "இவரு கண்ணு இவ்ளோ பெருசா?" என்று ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் சொன்னபடி வந்தாய். முந்தின நாள் ஊசி குத்திய கையில் பிளாஸ்திரி இருந்தது. லாக்கைத் திறந்து என்னையே உரக்கப் படிக்க வைத்தாய். புது கர்னலுக்கு வேண்டிய ஹெட்டர் ஃபைல்கள் இல்லாததால் டிரைவர் தயாராகவில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. மானம் போயிற்று. ஃபைல்களைப் போட்டுச் சரிசெய்தாய். கார்டை நான் கோணலாகச் செருகியிருக்கிறேன் என்று பெட்டியையும் திறந்தாய். மூடும்போது, "ஸ்கெட்ச் பேனா குடு" என்று கேட்டாய். முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே ஏதோ எழுதினாய். என்ன பாய் என்றதற்கு, "சீரியல் நம்பர்" என்றாய். நானும் நம்பினேன்.

போன வருஷம் ஐப்பசி மழையில் நீ போனாய். காலையில் உன் தம்பி போன் செய்தான். வைத்த உடனே நான் செய்த காரியம் என்ன தெரியுமா? மிஷினைப் போட்டு, ஆறடிக்கு நாலடி அளவில் ஒரு புது பேனர் ஃபைலைத் திறந்தேன். கை தானாகச் செய்தது. செய்தி கேட்டால் இந்தக் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பிறகுதான் உன் படத்தைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஊரில் பாதிப் பேரின் முகம் என் டிஸ்க்கில் இருக்கிறது, உன் முகம் இல்லை. கேமராவைத் தூக்கினால் "அத வேற யாருக்காவது காட்டு" என்று கையால் மறைப்பவன் நீ.

உன் தம்பியிடம் ஒரு போட்டோ கேட்டேன். "எங்கள்ல பேனர் வைக்கிற வழக்கம் இல்லண்ணே. துவா பண்ணுங்க, அது போதும்" என்றான். அவன் சொன்னது சரிதான். மழையில் நனைந்துகொண்டு கபரஸ்தான் வரைக்கும் உன்னைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். தோள் கொடுத்தேன். இருந்தும் கடைக்குத் திரும்பியபோது கை காலியாக இருந்த மாதிரி இருந்தது. திரையில் அந்த வெள்ளை ஃபைல் அப்படியே திறந்து கிடந்தது. நான் உட்கார்ந்து கேப்ஸ் லாக்கை அமுக்கினேன். லைட் எரிந்தது. அமுக்கினேன், அணைந்தது. எத்தனை தடவை அமுக்கினேன் என்று தெரியாது. அதற்கு எரிகிறதே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

இப்போது இன்றைய கதைக்கு வருகிறேன். ஏழுமலைக்கு இரண்டாம் ஆண்டு நினைவு வருகிறது. பேனர் பார்க்க தேவகி காலையில் வருவதாகச் சொல்லியிருந்தாள். மிஷினைப் போட்டேன். பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திரை இருண்டது. நான் என்ன செய்தேன் என்று கவனி. திருகு கழற்றும் டிரைவரைத் தொடவே இல்லை. கேப்ஸ் லாக்கை அமுக்கினேன், எரிந்தது. வயரைப் பார்த்தேன், கீழே கார்டில்தான் இருந்தது. அணைத்துப் போட்டு, பழைய கர்னலை எடுத்தேன். அதிலும் பத்து நிமிஷம், அதே இருட்டு. அப்போதே தெரிந்துவிட்டது, இது மேஸ்திரி சண்டை இல்லை. மூன்றாம் தடவை போட்டதும் முதல் வேலையாக, போன தடவை எழுதிய லாக்கைத் திறந்து படித்தேன். கடைசியில் ஒரு வரி: கார்டு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டதாம். கார்டு உட்கார்ந்திருக்கும் பாதைக்கும் பஸ் என்றுதான் பெயர் என்று நீ சொல்லியிருக்கிறாய். இருந்தாலும் நாள் முழுக்க பஸ் பறக்கும் ஈ.சி.ஆர். சாலையோரத்தில் உட்கார்ந்து அதைப் படித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? டிரைவர் மேல் தப்பில்லை, பயணிதான் பிடி விட்டிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு லாக்கும் பார்த்தாகிவிட்டது. இனி திறக்க எனக்கு உரிமை உண்டு. அன்றைக்குப் பிறகு அந்தப் பெட்டியை நான் திறப்பது இதுதான் முதல் தடவை. நாலு திருகையும் கழற்றி, பக்கத்துத் தகடை எடுத்துத் திருப்பி வைத்தேன்.

உள்பக்கம் நீல ஸ்கெட்ச் பேனாவில் உன் கையெழுத்து. ஓரத்தில் துரு ஏறியிருந்தது, ஆனால் எழுத்து போகவில்லை.

'தொறந்துட்டியா? லாக் பாத்தியா?'

சீரியல் நம்பராம்! அடப்பாவி, இரண்டு வருஷம் காத்திருந்து கேட்டுவிட்டாயே. தனியாகக் கடையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு கார்டைக் கழற்றினேன். பற்களின் மேல் பச்சை படிந்திருந்தது. ரப்பரால் தேய்த்து, நேராகச் செருகி, ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். திரை இமைக்கவே இல்லை.

தேவகி வந்தாள். அப்பாவின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு போன்ல பேசுனாரே ஒரு பாய், நல்லா இருக்காராண்ணா?" என்றாள்.

சொன்னேன். அவள் படத்திலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"பேனர் வெச்சீங்களா?"

"அவங்கள்ல வைக்க மாட்டாங்கம்மா. எங்கிட்ட போட்டோவும் இல்ல."

"அவரு மூஞ்சி எனக்குத் தெரியாதுண்ணா. எங்கப்பா மூஞ்சிய அவருதான் காட்டினாரு" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனரில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் போன பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினை அணைத்து மறுபடியும் நாலு திருகைக் கழற்றினேன். உன் வரிக்குக் கீழே இடம் இருந்தது. 'ரெண்டும் பாத்துட்டேன் பாய். இந்தத் தடவை உப்புதான்' என்று எழுதி மூடினேன்.

முதல் லாக்கில் உனக்கு இனி லைட் எரியாது, அது எனக்குத் தெரியும். இரண்டாவது லாக் என்னிடம் இருக்கிறது. என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் அதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.